கல்விசார் ஆங்கிலம்: மொரீஷியஸில் சமூக அறிவியல் படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸில் ஒரு பிள்ளை பதின்மூன்று ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்துவிட்டுத்தான் பல்கலைக்கழக வாசலுக்கு வருகிறது. கணக்கு, அறிவியல், வரலாறு என்று பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஆங்கிலம், பள்ளி முடிவில் எழுதும் எச்.எஸ்.சி. தேர்வுத்தாளும் ஆங்கிலம். வீட்டிலோ கிரியோல். காலையில் புரட்டும் செய்தித்தாள் பிரெஞ்சு. கோவிலில் தேவாரமும் திருப்புகழும் தமிழ். ஆங்கிலம் தேர்வு எழுதுவதற்கான மொழியாகவே நின்றுவிடுகிறது. யாரையாவது மறுத்துப் பேசவும், ஒரு யோசனையை உரக்கச் சொல்லிப் பார்க்கவும், 'எனக்கு முழு நிச்சயம் இல்லை, ஆனாலும்' என்று தொடங்கவும் அந்தப் பிள்ளை அதைப் பயன்படுத்தியதே இல்லை. ரெடுவியிலுள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் சமூக அறிவியல் முதலாண்டில் சேர்ந்த அன்றிலிருந்து கேட்கப்படுவது இந்த மூன்றும்தான்.

முதல் கட்டுரை திரும்பி வரும்போது ஓரத்தில் 'டிஸ்கிரிப்டிவ்', 'சோர்ஸ்?', 'டூ ஜெனரல்' என்று எழுதியிருக்கும். இலக்கணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆனாலும் மாணவர் தன் ஆங்கிலம் போதவில்லை என்று எண்ணி இலக்கணப் புத்தகத்தைக் கையில் எடுப்பார். விடை அங்கே கிடைக்காது. முதலாண்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து திருத்தி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு கூற்றை யார் சொன்னார், எதை ஆதாரமாக வைத்துச் சொன்னார், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் ஆகிய மூன்றையும் வாசகர் கண்ணில் படும்படி எழுதப் பழகாததே பெரும்பாலோரின் குறை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த மூன்றைச் சுற்றியே வரும்.

எச்.எஸ்.சி.யில் ஜெனரல் பேப்பர் என்ற பொதுக்கட்டுரைத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே பொது அறிவும் சொந்தக் கருத்தும் நல்ல நடையும் சேர்ந்தால் மதிப்பெண் வரும். அதே கட்டுரையைச் சமூகவியல் பாடத்தில் கொடுத்தால், 'இது உங்கள் அபிப்பிராயம், ஆதாரம் எங்கே?' என்ற கேள்வியோடு திரும்பி வரும்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம். 1998 நவம்பரில் மொரீஷியஸில் புதிய ரூபாய்த் தாள்கள் வெளியாயின. தாளின் மதிப்பை அச்சிடும் எழுத்துகளின் வரிசை மாறி, தமிழ் எழுத்துக்கு முன்னால் தேவநாகரி எழுத்து வந்திருந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் பழைய வரிசையோடு மீண்டும் வெளியிடப்பட்டன. உங்களுக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இது என்று வைத்துக்கொள்ளுங்கள்: '1998ஆம் ஆண்டின் ரூபாய்த் தாள் எதிர்ப்பு எந்த அளவுக்கு மொழி பற்றியது?'

முதல் படி: கேள்வியின் வினைச்சொல்லைப் பிடியுங்கள்

ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு கட்டளை இருக்கும். 'டிஸ்கிரைப்' என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். 'கம்பேர்' என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும்; ஒன்றைப் பற்றி இரண்டு பக்கம், மற்றதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. 'டிஸ்கஸ்' என்பது ஒன்றுக்கு மேற்பட்ட நிலைப்பாடுகளைக் கொண்டுவந்து எடைபோடச் சொல்கிறது. 'கிரிட்டிகலி இவால்யுவேட்' என்பதைக் குறை சொல்லும் அழைப்பாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வாதத்தின் பலத்தையும் வரம்பையும் இரண்டையும் காட்டச் சொல்லும் கட்டளை அது.

நம் கேள்வியில் இருப்பது 'டு வாட் எக்ஸ்டென்ட்'. முழுவதும் மொழி பற்றியது என்றோ, மொழிக்குச் சம்பந்தமே இல்லை என்றோ பதில் சொன்னால் கேள்வியைப் படிக்கவில்லை என்று பொருள். 'இந்த அளவுக்கு மொழி, இந்த அளவுக்கு வேறொன்று' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு வரிப் பதிலை முதல் நாளே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். படிக்கப் படிக்க அது மாறும், மாறட்டும். ஆனால் ஒரு வரிப் பதில் இல்லாமல் நூலகத்துக்குப் போனால் கண்ணில் படுவதையெல்லாம் நகல் எடுத்துக்கொண்டு திரும்புவீர்கள்.

இரண்டாம் படி: கட்டுரையை வரிசை மாற்றிப் படியுங்கள்

ஓர் ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அகராதியோடு படிக்கும் மாணவர் மூன்றாம் பக்கத்திலேயே சோர்ந்துபோகிறார். முதலில் சுருக்கம், பிறகு முன்னுரை, பிறகு முடிவுரை, அதன்பின் நடுப்பகுதியில் உங்களுக்கு வேண்டியது மட்டும். இந்த வரிசை பெரும்பாலான கட்டுரைகளுக்குப் பொருந்தும்.

முன்னுரையைப் படிக்கும்போது மூன்று நகர்வுகளைத் தேடுங்கள். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியல் அறிஞர் 1990இல் விளக்கிய அமைப்பு இது: ஆய்வாளர் முதலில் களத்தை அறிமுகப்படுத்துவார், அதில் இதுவரை யாரும் சரியாகத் தொடாத இடைவெளியைக் காட்டுவார், அந்த இடைவெளியில் தன் ஆய்வை நிறுத்துவார். 'ஹவெவர்' என்ற சொல் வரும் இடத்தில் நின்று படியுங்கள். இடைவெளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இந்த மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால் ஆசிரியர் எதற்காக எழுதினார் என்பது பிடிபட்டுவிடும்.

குறிப்பேட்டில் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பத்தியில் ஆசிரியரின் சொற்கள், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. நடுப் பத்தியில் அதே கருத்து உங்கள் சொற்களில். மூன்றாவதில் உங்கள் கேள்வி அல்லது மறுப்பு. அந்த மூன்றாவது பத்தியைத் தமிழிலோ கிரியோலிலோ எழுதுங்கள். எந்த மொழியில் உங்கள் எண்ணம் தடையின்றி ஓடுகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். பல மாணவர்களின் மிகச் சிறந்த கேள்விகளை நான் கிரியோல் குறிப்புகளில்தான் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்தக் கேள்வி பிறக்கும் முன்பே மறைந்துவிடுகிறது.

மூன்றாம் படி: சொற்கள்

இதற்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்டில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும்) உள்ளன. கல்விசார் எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அந்தக் குடும்பங்களைச் சேர்ந்தது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, படிக்கும் கட்டுரையில் அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்துச் சேர்த்தே எழுதிவைப்பது பயன் தரும். 'எவிடன்ஸ்' தனியாக வருவதில்லை. 'புரொவைட் எவிடன்ஸ்', 'எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ்' என்று துணையோடு வரும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடமிக் ஃபிரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கருத்தை அறிமுகப்படுத்த, மறுக்க, வரம்பிட உதவும் தொடர்கள் அதில் வகைபிரித்துத் தரப்பட்டிருக்கின்றன.

நான்காம் படி: பயன்படுத்தும் சொல்லுக்கு எல்லை வகுங்கள்

சமூக அறிவியலில் ஆபத்தான சொற்கள் கடினமான சொற்கள் அல்ல, எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். நம் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மொரீஷியஸ் தமிழர்கள்' என்று எழுதுகிறீர்கள். யார் அவர்கள்?

இந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சமயம் என்ற கேள்விக்குத் 'தமிழ்' என்று பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் மொழி என்ற கேள்விக்கும் தமிழ் ஒரு பதில். வீட்டில் வழக்கமாகப் பேசும் மொழி என்ற கேள்விக்குத் தமிழ் என்று எழுதுவோர் மிகச் சிலரே, ஏனென்றால் பெரும்பாலான தமிழ் வீடுகளின் பேச்சுமொழி கிரியோல். மூன்று கேள்விகளுக்கும் மூன்று வெவ்வேறு எண்ணிக்கை கிடைக்கும். அரசியலமைப்பை எடுத்தால் இன்னொரு சிக்கல்: அது இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர், பொது மக்கள் (முதல் மூன்றிலும் சேராதவர்கள்) என்று நான்கு சமூகங்களை மட்டுமே வகுக்கிறது. தமிழர்களுக்கு அதில் தனி இடம் இல்லை. மக்களைச் சமூகவாரியாக எண்ணியதும் 1972 கணக்கெடுப்போடு நின்றுவிட்டது.

ஆகவே, 'இந்தக் கட்டுரையில் தமிழர்கள் என்பது முன்னோர் மொழி தமிழ் என்று குறிப்பிடுபவர்களைக் குறிக்கிறது' என்ற ஒரு வரி உங்கள் கட்டுரையின் இரண்டாம் பத்தியில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத கட்டுரையில் ஒரு பக்கத்தில் தமிழர் என்பது சமயமாகவும் அடுத்த பக்கத்தில் மொழியாகவும் மாறிக்கொண்டே போகும். இந்த எல்லைக்கோட்டை எழுதிய பிறகுதான் கேள்வியே உயிர்பெறுகிறது: தமிழ் பேசாத ஒருவர் தமிழ் எழுத்தின் இடத்துக்காகத் தெருவில் இறங்குகிறார் என்றால், அவர் எதற்காகப் போராடுகிறார்?

ஐந்தாம் படி: யார் சொன்னது என்பதைச் சொல்லுங்கள்

இந்தப் பழக்கம் தமிழுக்குப் புதிதில்லை. 'என்ப', 'என்மனார் புலவர்' என்று தொல்காப்பியம் நூற்பாவுக்கு நூற்பா முன்னோரைச் சுட்டிக்கொண்டே போகிறது. உரையாசிரியர்கள் தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் 'என்பாரும் உளர்' என்று எழுதிவைத்த பிறகே மறுத்தார்கள். ஆங்கிலக் கட்டுரையில் கேட்கப்படுவதும் இதே நேர்மைதான். அதோடு ஆண்டும் பக்க எண்ணும் சேர்கின்றன.

சுட்டும் வினைச்சொல் முக்கியம். 'ஸ்டேட்ஸ்' என்பது சாதாரணமாகச் சொல்வது. 'ஆர்க்யூஸ்' என்றால் காரணம் காட்டி வாதிடுவது. 'கிளெய்ம்ஸ்' என்று எழுதினால் உங்களுக்கு அதில் ஐயம் இருக்கிறது என்ற வாசனை அடிக்கும். 'ஷோஸ்' என்றால் நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். 'சஜஸ்ட்ஸ்' என்றால் ஆதாரம் அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவே. நம் மாணவர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு: பிரெஞ்சின் 'ப்ரேதாந்த்ர்' என்ற வினை மனத்தில் இருப்பதால் 'தி ஆத்தர் ப்ரிடெண்ட்ஸ் தட்' என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சில் அது உரிமைகொண்டாடிச் சொல்வது. ஆங்கிலத்தில் அது நடிப்பது. மதிப்புக்குரிய ஆய்வாளர் ஒருவரை நடிக்கிறார் என்று எழுதியதாகிவிடும்.

மூலத்தைத் தேடிப் போவதன் பயனுக்கு நம் வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒப்பந்தக் கூலிமுறையைப் பற்றி எழுதும் மாணவர்கள் 'புதிய அடிமைமுறை' என்ற தொடரை ஹ்யூ டிங்கர் உருவாக்கியதாக எழுதுகிறார்கள். 1974இல் அந்தப் பெயரில் நூல் எழுதியவர் அவர். ஆனால் தொடர் அதைவிடப் பழையது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராக இருந்த ஜான் ரஸ்ஸல் பிரபு 1840இல் இந்தியத் தொழிலாளர்களைக் கயானாவுக்கு அனுப்பும் யோசனை குறித்து எழுதும்போது பயன்படுத்தியது அது. ஓர் அமைச்சர் வேறொரு நாட்டைப் பற்றி வெளியிட்ட அச்சத்தை, ஒரு வரலாற்றாசிரியர் பல நாடுகளுக்கும் பொருத்தி வாதமாக வளர்த்திருக்கிறார். இதைக் கண்டுபிடித்து எழுதும் மாணவருக்குத் தொடரின் பயணமே ஒரு பத்தியைக் கொடுத்துவிடும்.

அடுத்து, அந்தக் கருத்தோடு நீங்கள் எந்த உறவில் நிற்கிறீர்கள்? நன்னூல் எழுவகை மதம் (மதம் என்றால் இங்கே கொள்கை) என்று இதற்கு வழி சொல்லியிருக்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பின் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்தல், இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டல், எதனோடும் சேராமல் தன் மதம் கொள்ளல். முதலாண்டு மாணவருக்கு இவற்றில் மிகவும் பயன்படுவது மூன்றாவதும் ஐந்தாவதும். ஒப்பந்தக் கூலிமுறையில் டிங்கர் கொடுமையை முன்னிறுத்துகிறார். மரினா கார்ட்டர் போன்ற பின்வந்த வரலாற்றாசிரியர்கள் குடியேறியவர்களின் சொந்த முடிவுகளையும் உறவு வலைகளையும் முன்னிறுத்துகிறார்கள். இருவரையும் மேசையில் வைத்து, உங்கள் கேள்விக்கு யாருடைய ஆதாரம் நெருக்கமாக வருகிறது என்று காட்டினால் அதுவே ஐந்தாவது மதம். தமிழ்ப் பாடத்தில் இந்தப் பட்டியலைக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலக் கட்டுரை எழுதும்போது அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உறுதியின் அளவைக் குறையுங்கள்

'ப்ரூவ்' என்ற சொல்லை முதலாண்டு முழுவதும் மறந்துவிடலாம். சமூக அறிவியலில் எதுவும் எளிதில் நிரூபணமாவதில்லை. 'மே', 'மைட்', 'டெண்ட்ஸ் டு', 'அப்பியர்ஸ் டு', 'இன் திஸ் கேஸ்' ஆகிய சொற்கள் உங்கள் கூற்றை ஆதாரத்தின் அளவுக்கே நிறுத்துகின்றன. 'வருமாம்', 'இருக்கக்கூடும்', 'போலும்' என்று தமிழில் நாம் நாள்தோறும் செய்வதுதான் இது. ஆனால் ஒரே வாக்கியத்தில் மூன்று தயக்கச் சொற்களை அடுக்கினால் ஒன்றுமே சொல்லாததாகிவிடும்.

எடுத்துக்காட்டாக, 1961இல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட் தலைமையிலான குழு, மக்கள்தொகைப் பெருக்கத்தையும் சர்க்கரையை மட்டுமே நம்பிய பொருளாதாரத்தையும் பார்த்து, மொரீஷியஸின் எதிர்காலம் குறித்துக் கவலை தெரிவித்தது. ஏற்றுமதித் தொழில் வலயச் சட்டம் 1970இல் வந்த பிறகு நாடு வேறு பாதையில் போனது. 'மீட் தவறு செய்தார்' என்று எழுதுவது எளிது. 'அன்றைய நிலைமை தொடர்ந்தால் என்ற நிபந்தனையோடு மீட் சொன்னது, அந்த நிலைமை மாறியதால் பொருந்தாமல் போனது' என்று எழுதுபவர் அறிக்கையைப் படித்தவர் என்று விரிவுரையாளருக்குத் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: ஒரு பத்தியை எழுதிப் பாருங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பத்திக்குள் வந்து சேர வேண்டும். முதலாண்டு மாணவர் எழுதும் பத்தி வழக்கமாக இப்படி இருக்கும்; ஆங்கிலத்தில் எழுதப்படுவதன் பொருளைத் தமிழில் தருகிறேன்:

'மொரீஷியஸில் தமிழர்கள் மிக முக்கியமான சமூகம். அவர்கள்தான் முதலில் வந்தவர்கள். 1998இல் அவர்களுடைய மொழி அவமதிக்கப்பட்டது. எல்லாத் தமிழர்களும் கோபமடைந்தார்கள். தமிழ் மொழி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை இது நிரூபிக்கிறது.'

ஒவ்வொரு வாக்கியமாகப் பாருங்கள். 'மிக முக்கியமான' என்பதற்கு அளவுகோல் இல்லை. 'முதலில்' என்றால் யாரைவிட முதலில்? டச்சுக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் மலகாசிகளும் எங்கே போனார்கள்? 'அவமதிக்கப்பட்டது' என்பது எதிர்ப்பாளர்களின் சொல். அதை எழுதியவர் தன் சொல்லாக எடுத்துக்கொண்டுவிட்டார். 'எல்லாத் தமிழர்களும்' என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. கடைசி வாக்கியம் கேள்வியையே பதிலாக்கிவிட்டது. இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லாத பத்தி, ஆனால் தேறாது.

இப்போது திருத்திய வடிவம்:

'1998 எதிர்ப்பை மொழிப் பற்று என்று மட்டும் விளக்குவது போதாது. புதிய தாளிலிருந்து தமிழ் நீக்கப்படவில்லை; அதன் வரிசை மட்டுமே மாறியது. எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணமும் வரிசையையே சார்ந்திருந்தது: மற்ற இந்தியர்களுக்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சியில் தமிழர்கள் இத்தீவுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஆகவே, தாளில் அச்சான எழுத்து, வரலாற்று முன்னுரிமையைக் காட்டும் அடையாளமாகச் செயல்பட்டிருக்கக்கூடும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் கிரியோல் பேசுகின்றன என்பதும் இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது.'

முதல் வாக்கியம் நிலைப்பாடு. இரண்டாவது, யாரும் தாளைப் பார்த்தே சரிபார்க்கக்கூடிய உண்மை. மூன்றாவதில் 'அவர்கள் வாதம்' என்ற இரண்டு சொற்கள் எழுதியவரையும் எதிர்ப்பாளர்களையும் பிரித்துவிடுகின்றன. நான்காவதில் 'கூடும்'. ஐந்தாவது வெளியிலிருந்து ஒரு சான்று. மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் பின்னால் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் வரும். லா பூர்தோனே பிரெஞ்சு ஆளுநராக இருந்த 1735க்குப் பிந்தைய ஆண்டுகளில் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்கள் வந்த வரலாற்றுக்கு ஒரு மூலமும், மொழிக் கேள்விக்குக் கணக்கெடுப்பு அட்டவணையும் போதும். ஆங்கிலம் எளிமையாகவே இருக்கட்டும். இந்தப் பத்திக்கு அலங்காரச் சொல் ஒன்றுகூடத் தேவையில்லை.

எட்டாம் படி: கிரியோலும் பிரெஞ்சும் விட்டுச்செல்லும் தடங்கள்

கிரியோலில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. காலத்தை 'தி', 'பே', 'பு' ஆகிய சிறு சொற்கள் காட்டுகின்றன. பன்மையை முன்னால் வரும் 'பான்' காட்டுகிறது. கிரியோலில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு வினையின் கடைசி 'எஸ்' ஒலியும் பெயரின் பன்மை 'எஸ்' ஒலியும் நழுவுவது இதனால்தான். எழுதும்போதே இதைத் திருத்த முயலாதீர்கள், ஓட்டம் கெடும். முடித்த பிறகு இந்த ஒன்றுக்காக மட்டும் ஒரு முறை படியுங்கள்.

பிரெஞ்சு விட்டுச்செல்வது வேறு வகை. 'ஆக்சுவலி' என்பதை 'தற்போது' என்ற பொருளிலும், 'இவென்ச்சுவலி' என்பதை 'ஒருவேளை' என்ற பொருளிலும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் முன்னது 'உண்மையில்', பின்னது 'இறுதியில்'. 'இம்பார்ட்டண்ட் இன்கிரீஸ்' என்று எழுதினால் ஆங்கில வாசகருக்கு அது முக்கியமான உயர்வு. நீங்கள் சொல்ல வந்தது பெரிய உயர்வு. 'இன்ஃபர்மேஷன்', 'எவிடன்ஸ்', 'ரிசர்ச்' ஆகியவற்றுக்குப் பன்மை சேர்க்க வேண்டாம். வரலாற்றை நிகழ்காலத்தில் சொல்வது பிரெஞ்சில் அழகு. ஆங்கிலக் கட்டுரையில் 1835இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதை இறந்தகாலத்தில் எழுதுங்கள். ஆசிரியர் வாதிடுவதை மட்டும் நிகழ்காலத்தில் வைத்துக்கொள்ளலாம். எண்களில் பிரெஞ்சு முறைப்படி தசமத்துக்குக் காற்புள்ளி போட்டால் மூன்றரை விழுக்காடு முப்பத்தைந்தாகப் படிக்கப்படலாம். புள்ளி வையுங்கள்.

ஒன்பதாம் படி: பேச்சு

டியூட்டோரியல் என்ற சிறுகுழு விவாத வகுப்பில் நம் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, ஆசிரியரை மறுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். அந்த மரியாதையைக் கைவிடாமலே மறுக்கலாம். மறுப்பை ஆளிடமிருந்து விலக்கிக் கருத்தின்மீது வைத்தால் போதும். 'இஃப் ஐ அண்டர்ஸ்டாண்ட் த ரீடிங் கரெக்ட்லி' என்று தொடங்கிக் கட்டுரை சொல்வதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து, 'ஐ வொண்டர் இஃப் திஸ் அப்ளைஸ் டு' என்று உங்கள் ஐயத்தை வையுங்கள். வகுப்புக்கு முந்திய இரவே ஒரு கேள்வியை எழுதி, முதல் கால் மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் வேறொருவர் கேட்டுவிடுவார், மணியும் அடித்துவிடும்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மொரீஷியர்களின் ஆங்கிலம் மொரீஷியர்களின் ஆங்கிலமாகவே ஒலிக்கலாம். கவனிக்க வேண்டியது அழுத்தம். பிரெஞ்சில் அழுத்தம் தொடரின் கடைசியில் விழுகிறது. ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் இடம் மாறுகிறது. 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாம் அசையும் 'அனலைஸ்' என்பதில் முதல் அசையும் அழுத்தம் பெறும். உங்கள் துறையில் அடிக்கடி வரும் இருபது முப்பது சொற்களை இணைய அகராதியில் கேட்டு, அழுத்தத்தைக் கோடிட்டு வைத்துக்கொண்டால் போதுமானது.

மெட்ரோவில் ரோஸ் ஹில்லிலிருந்து போகும் நேரத்தில் தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்: இன்று படித்த கட்டுரையின் வாதம் என்ன, எனக்கு எங்கே இடிக்கிறது? திரும்பக் கேட்கும்போது தடுமாறிய இடத்தைக் குறித்துவையுங்கள். எந்தச் சொல் கிடைக்காமல் நின்றீர்களோ அந்தச் சொல்லைத்தான் அடுத்து கற்க வேண்டும்.

மின்னஞ்சலுக்கு ஒரு வரி: 'டியர் டாக்டர்' என்று குடும்பப் பெயரோடு தொடங்கி, எந்தப் பாடம், எந்தக் கேள்வி என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, வாட்ஸ்அப் சுருக்கங்கள் இல்லாமல் முடியுங்கள்.

பத்தாம் படி: நேர்காணலை மொழிபெயர்க்கும்போது

முதலாண்டிலேயே சிறு களப்பணி கொடுக்கப்படுவதுண்டு. தைப்பூசக் காவடி எடுக்கும் சித்தியிடம் பேசி எழுதி வரப் பலர் விரும்புகிறார்கள். பேச்சு கிரியோலில் நடக்கும், நடுவில் விரதம், வேல், பால்குடம் என்று தமிழ்ச் சொற்கள் வரும். அதை ஆங்கிலத்தில் மாற்றும்போது அவரை ஆங்கிலப் பேராசிரியரைப் போலப் பேசவைக்காதீர்கள். அவர் சொன்ன கிரியோல் வாக்கியத்தை அப்படியே எழுதி, அடியில் உங்கள் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தந்து, மொழிபெயர்த்தது நீங்கள் என்று குறிப்பிடுங்கள். 'விரதம்' என்பதை அப்படியே விட்டு, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள். அவருடைய அனுமதியை முன்கூட்டியே கேளுங்கள். சித்தியாக இருந்தாலும் கேட்க வேண்டும். பெயரை மாற்றி எழுதுங்கள்.

இதே இடத்தில் கணினிக் கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொழிபெயர்ப்புச் செயலியும் செயற்கை நுண்ணறிவும் வாக்கியத்தை மெருகேற்றித் தரும்; 'கூடும்' என்று நீங்கள் எழுதியதை 'ஆகும்' என்று மாற்றியும் தரும். உறுதியின் அளவு மாறியதை நீங்கள் கவனிக்காவிட்டால் கூற்று உங்களுடையதாக இருக்காது. எந்த அளவுக்கு அனுமதி என்பதைப் பாடத்தின் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் படி: திருத்துதல்

நன்னூலின் பத்துக் குற்றங்களைத் திருத்தும் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். குன்றக் கூறல்: ஆதாரமின்றி விட்ட கூற்று இருக்கிறதா? மிகைபடக் கூறல்: 'எல்லாரும்', 'எப்போதும்' என்று எழுதியிருக்கிறீர்களா? கூறியது கூறல்: முடிவுரை முன்னுரையின் நகலா? மாறுகொளக் கூறல்: இரண்டாம் பக்கத்து வரையறைக்கு ஐந்தாம் பக்கம் முரண்படுகிறதா? வழூஉச் சொற் புணர்த்தல்: எட்டாம் படியில் சொன்ன சறுக்கல்கள். மயங்க வைத்தல்: 'திஸ்', 'தே' என்று எழுதிய இடங்களில் எது, யார் என்று தெளிவாக இருக்கிறதா? வெற்றெனத் தொடுத்தல்: 'சின்ஸ் த டான் ஆஃப் டைம்' என்று தொடங்கும் முன்னுரையை அடித்துவிடுங்கள். மற்றொன்று விரித்தல்: ரூபாய்த் தாளைப் பற்றிய கட்டுரையில் சோழர் காலம் வந்துவிட்டதா? சென்று தேய்ந்து இறுதல்: முதல் இரண்டு பக்கத்தின் உழைப்பு கடைசிப் பக்கத்தில் இருக்கிறதா? நின்று பயன் இன்மை: இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் வாதம் குறையுமா?

ஒரு குற்றத்துக்கு ஒரு வாசிப்பு. எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் தேடினால் எதுவும் அகப்படாது. நேரம் குறைவு என்றால் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் மட்டும் தேடுங்கள். முதலாண்டு மதிப்பெண்களைத் தின்பவை பெரும்பாலும் இவ்விரண்டே.

கட்டுரை திருத்தப்பட்டுத் திரும்பி வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்து மூடிவைத்துவிடாதீர்கள். ஓரக்குறிப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அது எழுதப்பட்ட பத்தியை அன்றே திரும்ப எழுதுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே தாளில் கொண்டுபோய், விரிவுரையாளர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் கேளுங்கள்: 'நீங்கள் சொன்ன குறை இதில் தீர்ந்திருக்கிறதா?' 'இன்னும் நன்றாக எழுதுவது எப்படி?' என்ற பொதுக் கேள்விக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஒரு பத்தியின் இரண்டு வடிவங்களைக் கண்முன் வைத்துக் கேட்டால், அவர் பேனாவை எடுத்து எந்தச் சொல்லில் பிடிமானம் போதவில்லை என்று அங்கேயே காட்டிவிடுவார்.